மேல்தள அன்ரனாக்கள்: அனுமதி வழங்குமுன் கேட்க வேண்டியவை
வாசகர் கேள்வி – பதில்

கடைத்தொகுதிகளின் மேல்தளங்களில் கைத்தொலைபேசி அன்ரனாக்கள் பொருத்தப்படுவது பற்றி வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒருவர் கேட்பதற்கான பதிலின் பாதி மற்றொருவரின் கேள்வியில் இருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக இந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அடுத்த காணியிலுள்ள இரண்டுமாடிக் கடைக் கட்டடத்தின் மேல் அன்ரனா பூட்டப் போகிறார்களாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். கதிர்வீச்சினால் புற்றுநோய் வரும் என்று அயலவர்கள் அஞ்சுகிறார்கள். பிரதேச சபை இதைத் தடுக்க முடியுமா?
— வாசகி ஒருவர், கரடிப்போக்கு

பதில்: தங்கள் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2011 மே மாதத்தில், கைத்தொலைபேசியும் அன்ரனாவும் பயன்படுத்தும் வானொலி அலைகளை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவையாக இருக்கலாம் எனக் கருதப்படும் 2பி வகுப்பில் சேர்த்தது. ஊரில் பேசப்படுவது பெரும்பாலும் அந்தச் செய்தியைத்தான். ஆனால் அந்த வகுப்பு, கிடைத்த சான்றுகள் மட்டுப்பட்டவை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டவை, கைத்தொலைபேசியைத் தலையோடு ஒட்டிப் பிடித்து நெடுங்காலம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். அன்ரனாக்களுக்கு அயலில் வசிப்போரைப் பொறுத்தவரை, பொது இடங்களில் எடுக்கப்பட்ட அளவீடுகள் சர்வதேச எல்லைகளின் 0.002 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரையே இருந்தன என்று உலக சுகாதார நிறுவனம் 2006 இல் அறிவித்தது.

இதற்கான காரணத்தை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஓர் அன்ரனா தன் முதன்மைத் திசையில் 1000 வாற்றுக்குச் சமமான வலுவுடன் அலையை வீசுகிறது என்று கொண்டால், அந்தத் திசையில் 50 மீற்றர் தொலைவில் நிற்பவரிடம் வந்து சேர்வது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.03 வாற்று. அயனாக்காக் கதிர்ப்புப் (வானொலி அலை போன்றவை) பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1800 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்குப் பொதுமக்களுக்கென வகுத்த எல்லை சதுர மீற்றருக்கு 9 வாற்று. தூரம் இரட்டிக்கும்போது அளவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்பதால்தான் இவ்வளவு பெரிய இடைவெளி. அத்துடன், இந்த அன்ரனாக்களின் முதன்மைக் கதிர் ஏறத்தாழக் கிடையாக, சில பாகை மட்டும் கீழ்நோக்கிச் சாய்ந்து செல்வதால், அது பொதுவாக 50 முதல் 300 மீற்றர் வரையான தொலைவில்தான் தரையைத் தொடுகிறது. கட்டடத்தின் அடியிலும் ஒட்டிய வளவிலும் விழுவது மிகக் குறைவு.

எனினும் இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. அதே அன்ரனாவுக்கு நேர் முன்னால் ஏறத்தாழ 3 மீற்றர் தூரத்துக்குள் நிற்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். பல அலைவரிசைகள் ஒரே கம்பத்திலிருந்து இயங்கினால் அந்தத் தூரம் இன்னும் நீளும். ஆகவே உண்மையில் கவலைப்பட வேண்டியது, தண்ணீர்த் தாங்கி கழுவவும், உடுப்புக் காயவைக்கவும், சூரிய மின்தகடு பூட்டவும் அந்த மேல்தளத்துக்கு ஏறுகிறவர்களைப் பற்றியும், வீதிக்கு எதிர்ப்புறத்தில் அன்ரனாவின் உயரத்துக்கே மாடி எழுப்பியவர்களைப் பற்றியும்தான். ஏ-9 வீதியோரத்தில் 2009 க்குப் பின்னர் எழுந்த கட்டடங்கள் பல இன்று இரண்டு மாடியோடு நிற்கின்றன. நாளை மூன்றாவது மாடி வரும். அன்ரனா வரும்போது வெறும் வெளியாக இருந்த உயரத்தில் பிறகு ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வகுப்பறை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அனுமதி வழங்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

சபையின் அதிகாரத்துக்கு வருவோம். அலைவரிசையும் அதன் பயன்பாடும் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ்த் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளவை. கதிர்வீச்சு என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பிரதேச சபை மறுக்குமானால், அந்த மறுப்பு நீதிமன்றத்தில் நிலைப்பது கடினம். கட்டடமோ சபையின் பொறுப்பு. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது. மற்ற இடங்களில் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கட்டட மாற்றத்துக்குச் சபையின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். தாங்களும் அயலவர்களும் கொடுக்கவுள்ள மனுவில் புற்றுநோய் அச்சத்தை மட்டும் எழுதினால், அதை ஆணைக்குழுவின் விடயம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கட்டடத்தின் தாங்குதிறன், காற்று, மின்னல், மின்பிறப்பாக்கியின் இடம், எரிபொருள் சேமிப்பு, மேல்தளத்துக்கு ஏறும் வழியைப் பூட்டி வைத்தல் ஆகியவற்றையும் எழுதுங்கள். அவற்றுக்குச் சபை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மனு எழுதுவதிலும் பயன் குறைவு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தின் பிரதி, பொறியியலாளரின் அறிக்கை, ஆணைக்குழுவின் கடிதம் ஆகிய மூன்றையும் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை.

கேள்வி: அன்ரனா மின்னலை இழுக்கும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: தொலைவில் விழவிருக்கும் மின்னலை அது வரவழைப்பதில்லை. ஆனால் அந்தச் சூழலில் அதுவே உயரமானதாக நிற்கும்போது, அருகில் விழவிருந்த மின்னல் அதன்மீது விழும் வாய்ப்புக் கூடும். அவ்வாறு விழும் மின்னல் தடித்த செப்புக் கம்பி வழியே நேராக மண்ணுக்குள் இறங்கினால் அயலுக்குக் கேடில்லை. இறங்க வழி போதாதிருந்தால் கட்டடத்தின் மின்சுற்றுக்குள்ளும் அதன் வழியே அயல் வீடுகளுக்குள்ளும் பாயக்கூடும். நமது மண் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்போது மின்சாரத்தை இலகுவில் ஏற்காது. இடிமின்னல் மிகுந்த காலங்களில் ஒன்றும் அதே சித்திரைதான். எர்த் தடை, அதாவது மின்னல் மண்ணுக்குள் இறங்கும் வழியிலுள்ள மின்தடை, 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. அதை ஈர மண்ணில் அளந்து காட்டினால் போதாது. வரட்சிக் காலத்தில் அளந்த பெறுமானத்தைக் கேளுங்கள்.

கேள்வி: முல்லைத்தீவு நகரில் எனக்கு ஒரு கடைக் கட்டடம் இருக்கிறது. மேல்தளத்தைப் பத்து வருடங்களுக்கு வாடகைக்குத் தரும்படி ஒரு நிறுவனம் கேட்கிறது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட முன்னர் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர் ஒருவர், முல்லைத்தீவு

பதில்: வாடகைத் தொகையைப் பேசுவதற்கு முன்னர் மூன்று கடதாசிகளை எடுத்து மேசைமேல் வையுங்கள்: காணியின் ஆவணம், சபை அங்கீகரித்த கட்டட வரைபடம், வேலை முடிந்தபின் சபை வழங்கிய இணக்கச் சான்றிதழ்.

முதலில் காணி. வன்னியில் பெரும்பகுதி நிலம் உறுதிக் காணியல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிற் காணி, அதாவது அரசின் அனுமதிப்பத்திரக் காணியாகும். தங்களுடையதும் அவ்வாறாயின், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதில் மூன்றாம் தரப்பொன்றுக்கு உரித்துக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாகாது போகலாம். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை மீறியதாகவும் ஆகிவிடலாம். நிறுவனத்துக்கு நட்டம் ஒரு கம்பம். தங்களுக்கோ குடும்பத்தின் காணி. பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போய் எழுத்தில் கேட்காமல் ஒப்பமிட வேண்டாம்.

அடுத்தது கட்டடம். மனிதர் ஏறக்கூடிய சாதாரண மேல்தளத்தைச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரம் தாங்குமாறு வடிவமைப்பது வழக்கம். அதன்மேல் கம்பமும், கருவிப் பெட்டியும், பல நூறு கிலோ நிறையுள்ள மின்கல அடுக்கும் ஒரே மூலையில் வரப்போகின்றன. பாரத்தைத் தளத்தில் இறக்காமல் தூண்களுக்கும் வளைகளுக்கும் கடத்த வேண்டும். அந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அவசரமாகக் கட்டப்பட்ட பல கட்டடங்களில் வரைபடம் ஒருவிதமாகவும் கட்டடம் வேறுவிதமாகவும் உள்ளன. அப்படியானால் கொங்கிறீற்றைப் பரிசோதித்த பின்னரே முடிவெடுக்க முடியும். அந்தப் பரிசோதனைக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.

பாரத்தைவிட நான் அஞ்சுவது காற்றுக்குத்தான். 1964 டிசம்பர்ப் புயல் வடக்கை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக் கரையில் ஏறி வன்னியினூடாகவே மன்னார்க் கடலுக்குச் சென்றது. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 150 கிலோ நிறைக்குச் சமமாகத் தள்ளும். இரண்டு மீற்றர் உயரமும் முப்பது சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஓர் அன்ரனாவில் மட்டும் அது 90 கிலோவுக்கு மேல். அத்தகைய ஆறும் ஒரு வட்ட டிஷ்ஷும் உயரமான கம்பத்தின் உச்சியில் இருந்தால், அடியில் உள்ள போல்ற்றுகள் தாங்க வேண்டிய திருகலை எண்ணிப் பாருங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இலங்கை காற்றின் கடுமைக்கேற்ப மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கிழக்குக் கரையோரம் மிகக் கடுமையான வலயத்தில் உள்ளது. கொழும்பில் ஒரு மாடிக்கு வரைந்த வரைபடத்தைப் பெயரை மட்டும் மாற்றி முல்லைத்தீவுக்கு அனுப்பியிருக்கிறார்களா என்பதை, எந்த வலயத்தின் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டீர்கள் என்ற ஒரு கேள்வியே வெளிக்காட்டிவிடும். பதில் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் ஒப்பத்தோடு வர வேண்டும்.

கடலோரத்து உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை, மாரிக்கு முன்னர், கம்பத்தையும் போல்ற்றுகளையும் பரிசோதித்து அறிக்கை தருவது நிறுவனத்தின் கடமை என்று எழுதிக்கொள்ளுங்கள். தளத்தில் துளையிடும் இடங்களில் நீர் கசிந்தால் திருத்துவது யார், மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்புறுதி யாருடையது, காலம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்த் தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். கழற்றும் செலவுக்கு ஒரு வைப்புத்தொகையை முதலிலேயே கேட்டுப் பெறுங்கள். பயன்பாடு முடிந்தபின் துருப்பிடித்து நிற்கும் கம்பத்துக்கு உரிமை கோர எவரும் வரமாட்டார்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, அங்கு இதையெல்லாம் நகரசபை தடுக்க முடியாது என்கிறார். வெளிநாட்டிலேயே முடியாதென்றால் நாம் ஏன் பாடுபட வேண்டும்?
— வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. கனடாவில் இறுதி முடிவு மத்திய அரசிடம் உள்ளது. நகரசபையின் கருத்தை நிறுவனம் கேட்டாக வேண்டும், ஆனால் நகரசபைக்குத் தடுக்கும் அதிகாரமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், மத்திய தொலைத்தொடர்பு ஆணைக்குழு வகுத்த கதிர்வீச்சு எல்லைக்குள் இயங்கும் அன்ரனாவைக் கதிர்வீச்சின் பெயரால் மறுக்க உள்ளூராட்சிக்கு இடம் தரவில்லை. ஆயினும் அதே சட்டம் இடம், உயரம், தோற்றம் ஆகியவற்றைப் பரிசீலிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சியிடமே விட்டுவைத்திருக்கிறது. மறுப்பதாயின் எழுத்தில், பதிவிலுள்ள வலுவான சான்றோடு மறுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் அங்குள்ள திட்டமிடல் குழுக்கள் கட்டடத்தின் பின்புறமாகத் தள்ளி வையுங்கள், சுவரின் நிறத்தில் மறைப்பு எழுப்புங்கள், கம்பத்தைத் தாழ்த்துங்கள் என்று நிபந்தனை விதித்து அனுமதிக்கின்றன. தம்மிடம் இருக்கும் அதிகாரத்தை அவர்கள் முழுவதுமாகப் பயன்படுத்துகிறார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: நான் 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான புதிய பிரதேச சபை உறுப்பினர். ஒரு கடைத்தொகுதியின் மேல் வரவுள்ள அன்ரனாவுக்கு எதிராக மக்கள் மனுவோடு வந்திருக்கிறார்கள். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி நிறுத்தலாமா?
— உறுப்பினர் ஒருவர், வவுனியா மாவட்டம்

பதில்: 2023 மார்ச்சிலிருந்து தாங்கள் தெரிவாகும்வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் மக்கள் தம் ஆட்சேபத்தைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் உறுப்பினர்கூட இல்லாதிருந்தது பெருங்குறை. ஆகவே தங்களிடம் இப்போது மனு வருவதே நல்ல அறிகுறி. ஆயினும் காரணம் கூறாத தீர்மானத்தால் அன்ரனா நிற்காது. நிறுவனம் ரிட் மனுவோடு, அதாவது சபையின் முடிவை மீளாய்வு செய்யக் கோரும் மனுவோடு, நீதிமன்றம் சென்றால், சட்டச் செலவு சபை நிதியிலிருந்து போகும், அனுமதியும் நிபந்தனையின்றியே நிறுவனத்துக்குக் கிடைத்துவிடக்கூடும்.

விண்ணப்பம் திட்டமிடல் குழுவுக்குப் போகுமுன்னர் கோப்பைப் பாருங்கள். அங்கீகரித்த வரைபடத்தில் உள்ளதைவிட மேலதிகமாக மாடி எழுப்பியிருக்கிறார்களா என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு நேரில் சென்று பார்க்கலாம். சட்டவிரோதமான மாடியின்மேல் சட்டபூர்வமான அன்ரனா இருக்க முடியாது. ஆணைக்குழுவின் கடிதம் இந்த இடத்துக்கே உரியதா, வேறொரு முகவரிக்குரியதா என்று பாருங்கள். உயரத்துக்குரிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் சம்மதமும் பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் கோப்பில் உண்டா என்று கேளுங்கள். வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமான ஓடுபாதைகள் இருப்பதால் இது நம் பகுதியில் வெறும் சம்பிரதாயமல்ல. கட்டடத்தை ஒட்டிய காணிக்காரருக்கு அறிவித்தல் போனதா என்பதையும், அவர்கள் எழுதியதற்குப் பதில் கொடுக்கப்பட்டதா என்பதையும் கேட்கத் தவற வேண்டாம்.

அனுமதி வழங்குவதாயின் நிபந்தனைகள் அனுமதிப்பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் இருந்தால் அடுத்த முகாமையாளருக்கு அது தெரியாது. அன்ரனாவின் முன்னாலுள்ள தடை எல்லையைத் தளத்தில் வண்ணக் கோட்டால் குறித்து, மூன்று மொழிகளிலும் எச்சரிக்கைப் பலகை வைத்து, ஏறும் கதவைப் பூட்டிவைக்க வேண்டும். இயங்கத் தொடங்கியபின் எதிர் மாடியிலும் மேல்தளத்திலும் அளவீடு எடுத்து, முடிவைச் சபையின் அறிவித்தல் பலகையில் போட வேண்டும். இவற்றுள் நான் மிகவும் வற்புறுத்துவது வேறொன்று: பின்னாளில் சேர்க்கப்படும் ஒவ்வொரு அன்ரனாவுக்கும் புதிய விண்ணப்பம் வேண்டும். முதலில் மூன்று அன்ரனாக்கள் வரும். பாரமும் காற்றுக் கணக்கும் அந்த மூன்றுக்குத்தான். சில ஆண்டுகளில் அதே கம்பத்தில் ஒன்பது தொங்கும், வேறு நிறுவனங்களும் பங்குக்கு வரும், கணக்கை மறுபடி பார்த்தவர் எவரும் இருக்கமாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் எடுக்க வயல்வரம்புக்குப் போக வேண்டியிருக்கிறது. இணையவழிப் பாடம் படிக்க முடியவில்லை. அன்ரனா வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் எங்களை நினைப்பதில்லையா?
— மாணவி ஒருவர், துணுக்காய்

பதில்: நியாயமான வருத்தம். இப்பகுதியில் இதுவரை எழுதிய எதுவும் அன்ரனா வேண்டாம் என்பதற்காக எழுதப்பட்டதல்ல. நோயாளர் காவு வண்டியை அழைப்பதற்கும், வெள்ள எச்சரிக்கை வந்து சேர்வதற்கும், பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும் அது வேண்டும். புயலில் முதலில் விழுவது காற்றுக் கணக்குப் பார்க்காமல் நிறுத்திய கம்பமாகத்தான் இருக்கும். தொடர்பு மிகவும் தேவைப்படும் அன்றைக்கே ஊர் துண்டிக்கப்படும். ஒழுங்காகப் பரிசீலித்து நிறுத்துவது தங்களுக்கும் சேர்த்துத்தான்.

தங்கள் ஊரில் உயரமான கடைக் கட்டடம் இல்லையெனில் மேல்தள அன்ரனா பொருந்தாது. தரையிலிருந்து எழும் கோபுரந்தான் வேண்டும். பாடசாலை அதிபரின் கடிதத்தோடு, கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் சிக்னல் இல்லாத இடங்களையும் குறித்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் ஊரார் சேர்ந்து எழுதுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பூட்டிய அன்ரனாவுக்குரிய ஜெனரேற்றர், மின்சாரம் நின்றால் இரவு முழுவதும் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இரைகிறது. கட்டட உரிமையாளர் நிறுவனத்தைக் கேள் என்கிறார். நிறுவனம் உரிமையாளரைக் கேள் என்கிறது. யாரிடம் போவது?
— வாசகி ஒருவர், நெடுங்கேணி

பதில்: இருவரிடமும் இனிப் போக வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபெலும் இரவில் 45 டெசிபெலும் பொதுவான உச்ச அளவுகள்; இரைச்சல் எழும் காணியின் எல்லையில் வைத்தே அதை அளக்க வேண்டும். மூடுபெட்டி இல்லாத டீசல் ஜெனரேற்றர் சில மீற்றர் தூரத்தில் 45 டெசிபெலுக்குள் இயங்குவதற்கு வாய்ப்பேயில்லை.

இயங்கிய திகதியையும் தொடங்கி நின்ற நேரங்களையும் ஒரு கொப்பியில் இரண்டு வாரங்களுக்குக் குறித்துவையுங்கள். அதன் பிரதியோடு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைச் செயலாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்புங்கள். அனுமதிப்பத்திரத்தில் ஜெனரேற்றரின் இடம் காட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் செயலாளரிடம் தனியாகக் கேளுங்கள். காட்டப்படாதிருந்தால் அது அனுமதியற்ற வேலை, அகற்றச் சொல்லும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் மாற்றமில்லையெனில், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றும் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில் கோரலாம். அயலில் இன்னும் இரண்டு மூன்று வீட்டாரும் இதே இரைச்சலால் துன்பப்படுவார்களாயின் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு பொதுவான தொல்லைக்கே உரியது. ஜெனரேற்றரைக் காணியின் மறுபக்கத்துக்கு மாற்றி ஒலியடக்கும் பெட்டிக்குள் வைப்பதை நிபந்தனையாகக் கேளுங்கள். டீசல் பீப்பாக்களைத் தங்கள் சுவரோரத்திலிருந்து அகற்றுவதையும் அதே முறைப்பாட்டில் தனி வரியாக எழுதுங்கள்.